ஆசை, கைசேதம், முறைப்பாடு: ஆங்கிலத்தில் சொல்லும் முறை

சில வருடங்களுக்கு முன் தரம் 11 மாணவிகளுக்கு ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியங்கள் எழுதக் கொடுத்தேன். தலைப்பு, ‘என் ஆசைகள்’. ஒரு மாணவி முதல் வாக்கியத்தை இப்படி எழுதியிருந்தாள்: ‘ஐ விஷ் ஐ வில் டூ சயன்ஸ் ஃபோர் ஏ லெவல்.’ உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. நான் ‘வில்’ என்ற சொல்லைச் சிவப்புப் பேனையால் வெட்டி, அதன் மேலே ‘குட்’ என்று எழுதிவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன்.

மறுநாள் இடைவேளையில் அவள் கொப்பியோடு வந்தாள்.

“டீச்சர், இதுல என்ன பிழை?”

“‘விஷ்’ போட்டா பின்னால ‘வில்’ வராது மகள். ‘குட்’ என்றுதான் எழுதணும். நடக்காத ஒன்றைத்தான் அப்படிச் சொல்றது.”

கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அப்ப நான் சயன்ஸ் படிக்க மாட்டேன் என்றா டீச்சர் இதுக்கு அர்த்தம்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. இலக்கணப்படி அதுதான் அர்த்தம். “அப்படின்னா எனக்கு இந்தச் சொல் வேணாம் டீச்சர். வேற சொல் இல்லையா?” என்று கேட்டாள்.

இருக்கிறது என்று சொல்லி, அவள் கொப்பியில் ‘ஐ ஹோப்’ என்று எழுதிக் கொடுத்தேன். அன்று அவளுக்குச் சொன்னதையும், அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்பதற்காக ஆங்கில வாக்கியங்களை அவற்றின் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். மாணவிகள் அவற்றைக் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அதுவே முதல் பயிற்சி.

ஹோப்பும் விஷ்ஷும்

தமிழில் இரண்டுக்கும் ‘ஆசைப்படுகிறேன்’, ‘விரும்புகிறேன்’ என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு.

நடக்கக்கூடியதற்கு ‘ஹோப்’. ‘ஐ ஹோப் ஐ வில் பாஸ்’ என்றால், சித்தியடைவேன் என்ற நம்பிக்கை இருக்கிறது. நாம் ‘இன்ஷா அல்லாஹ்’ என்று சேர்த்துச் சொல்லும் இடங்கள் பெரும்பாலும் ‘ஹோப்’ வரும் இடங்கள்தாம். இதன் பின்னால் ‘வில்’ தாராளமாக வரலாம். ‘ஐ ஹோப் ஷீ இஸ் வெல்’ என்பது போல நிகழ்காலமும் வரலாம்.

இப்போது இல்லாததற்கு, அல்லது நடக்காது என்று தெரிந்ததற்கு ‘விஷ்’. இதன் பின்னால் வரும் வினைச்சொல் காலத்தில் ஒரு படி பின்னால் போகும். ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும். ‘கேன்’ என்பது ‘குட்’ ஆகும். ‘ஹேவ்’ என்பது ‘ஹேட்’ ஆகும்.

‘விஷ்’ இன்னும் இரண்டு இடங்களில் வரும். ‘ஐ விஷ் யூ எ ஹெப்பி பர்த்டே’ என்பது வாழ்த்து. ‘ஐ விஷ் டு மீட் த பிரின்சிபல்’ என்பது ‘அதிபரைச் சந்திக்க விரும்புகிறேன்’ என்று மரியாதையாகச் சொல்வது. இவ்விரண்டிலும் நடக்காது என்ற பொருள் இல்லை. ‘விஷ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியம் ஒன்று வந்தால் மட்டும் கவனமாக இருங்கள்.

காலம் ஏன் பின்னால் போகிறது?

‘இப்போது இல்லாததைச் சொல்ல ஏன் இறந்த காலம்?’ என்று எல்லா வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி. விடை தமிழிலேயே இருக்கிறது.

‘மழை பெய்தால் பாடசாலை விட்டுவிடுவார்கள்’ என்கிறோம். மழை இன்னும் பெய்யவில்லை. ஆனால் ‘பெய்தால்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘பெய்தது’ என்ற இறந்த காலச் சொல்லில் உள்ள அதே ‘பெய்த்’ இதிலும் இருக்கிறது. வந்தேன், வந்தால், படித்தேன், படித்தால், போனேன், போனால், சொன்னேன், சொன்னால். நடக்காத ஒன்றைக் கற்பனை செய்யும்போது நாமும் இறந்த காலத்தின் அடியையே எடுத்துக்கொள்கிறோம். நாம் அதைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

நம் அயலவர்களின் சிங்களத்திலும் இதைக் கேட்கலாம். ‘மம கலின் ஆவா நம்’ என்றால் ‘நான் முன்னமே வந்திருந்தால்’ என்று பொருள். ‘ஆவா’ என்பது ‘வந்தேன்’ என்ற இறந்த காலச் சொல். மூன்று மொழியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உண்மையிலிருந்து விலகி நிற்பதைக் காட்ட, காலத்தில் விலகி நிற்கின்றன.

எனவே ‘விஷ்’ என்ற பாடத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ‘உண்மையிலிருந்து ஒரு படி விலகினால் காலத்திலும் ஒரு படி விலகு’ என்ற ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும்.

இன்றைய ஆசை

இப்போது இல்லாத ஒன்றை விரும்பினால் ‘விஷ்’ என்பதற்குப் பின் சாதாரண இறந்த காலம் வரும்.

‘ஐ விஷ் ஐ ஹேட் எ டிக்‌ஷனரி.’ என்னிடம் ஓர் அகராதி இருந்தால் நல்லது. (இப்போது இல்லை.)

‘ஐ விஷ் ஐ குட் ஸ்பீக் இங்கிலிஷ் வெல்.’ நன்றாக ஆங்கிலம் பேச முடிந்தால் நல்லது. (இப்போது முடியாது.)

‘ஐ விஷ் அவர் ஹவுஸ் வேர் நியர் த ஸ்கூல்.’ வீடு பாடசாலைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. (தூரத்தில் இருக்கிறது.)

கடைசி வாக்கியத்தில் ‘ஹவுஸ்’ ஒருமைதானே, ‘வோஸ்’ வராதா என்று கேட்பீர்கள். பேச்சில் ‘வோஸ்’ என்றும் சொல்வார்கள். எழுதும்போது, முக்கியமாகப் பரீட்சையில், எல்லா எழுவாய்க்கும் ‘வேர்’ எழுதுவது பாதுகாப்பு.

இன்னொன்று. அடைப்புக்குள் இருப்பதை ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். ‘விஷ்’ வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் அடியில் இன்னொரு வாக்கியம் மறைந்திருக்கும். அது எப்போதும் நேர்மாறாக இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் காலமும் தானாகச் சரியாக வரும்.

கைசேதம்

நடந்து முடிந்ததை மாற்ற முடியாது. அதை நினைத்து வருந்தும்போது காலம் இன்னும் ஒரு படி பின்னால் போகும். ‘ஹேட்’ என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம் வரும்.

‘ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட் லாஸ்ட் நைட்.’ நேற்று இரவு படித்திருக்கலாம். (படிக்கவில்லை.)

இதையே ‘ஐ ஷுட் ஹேவ் ஸ்டடீட்’ என்றும் சொல்லலாம். முதலாவதில் வருத்தம் கூடுதல். இரண்டாவதில் ‘செய்ய வேண்டியதை நான் செய்யவில்லை’ என்று தன் பொறுப்பை ஏற்றுக்கொள்வது கூடுதல். ‘இஃப் ஒன்லி ஐ ஹேட் ஸ்டடீட்!’ என்றால் வருத்தம் இன்னும் அதிகம்.

இங்கே நம் பிள்ளைகள் விழும் குழி ஒன்று உண்டு. தமிழில் ‘அவள் படித்திருக்கலாம்’ என்றால் இரண்டு பொருள் வரும். ஒன்று, ‘படித்தாளோ என்னவோ தெரியாது’. மற்றது, ‘படித்திருக்க வேண்டும், ஆனால் படிக்கவில்லை’. ஆங்கிலம் இவற்றைப் பிரித்துவிடும். முதலாவதற்கு ‘ஷீ மே ஹேவ் ஸ்டடீட்’. இரண்டாவதற்கு ‘ஷீ ஷுட் ஹேவ் ஸ்டடீட்’. எந்தப் பொருளில் நினைக்கிறீர்கள் என்று எழுதுவதற்கு முன் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

‘ரிக்ரெட்’ என்ற சொல்லையும் இங்கே படித்துக்கொள்ளலாம். ‘ஐ ரிக்ரெட் லீவிங் ஸ்கூல்’ என்றால், பாடசாலையை விட்டதை நினைத்துக் கைசேதப்படுகிறேன். ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபோர்ம் யூ’ என்று கடிதம் தொடங்கினால், இனிமேல்தான் கெட்ட செய்தி வரப்போகிறது. ‘இங்’ வந்தால் நடந்து முடிந்தது. ‘டு’ வந்தால் இப்போது சொல்லப்போவது.

நான் தொடக்கத்தில் சொன்ன மாணவியின் உம்மா அந்தத் தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தார். மகளின் கொப்பியைக் காட்டினேன். வாசிக்கத் தெரியாது என்றார். வாசித்துப் பொருள் சொன்னேன். கேட்டுவிட்டு, “நான் ஓ.எல். எழுதல்ல டீச்சர். பத்தாம் வகுப்போட நிப்பாட்டிட்டாங்க. எழுதியிருக்கலாம்” என்றார். அவர் சொன்ன கடைசிச் சொல்தான் இந்தப் பகுதியின் முழுப் பாடமும். ‘ஐ விஷ் ஐ ஹேட் சேட் ஃபோர் மை ஓ லெவல்ஸ்.’ அவருக்கு அந்த இலக்கணம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஆங்கிலச் சொற்கள்தான் தெரியவில்லை.

ஒரு சமூகத்தின் கைசேதம்

தனி ஒருவருக்கு மட்டுமல்ல, ஒரு சமூகத்துக்கும் கைசேதம் உண்டு. பிரித்தானியர் ஆட்சியில் ஆங்கிலப் பாடசாலைகளில் பல கிறிஸ்தவ மிஷன்களின் கையில் இருந்தன. அங்கே அனுப்பினால் பிள்ளைகளின் மார்க்கம் போய்விடும் என்று இலங்கை முஸ்லிம் பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதன் விலையும் பெரிதாக இருந்தது. மற்றச் சமூகத்தவர் ஆங்கிலம் படித்து உத்தியோகங்களுக்குப் போனபோது நம்மவர்கள் பின்தங்கினார்கள்.

கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி அறிஞர் எம். சி. சித்திலெப்பை (1838–1898) இதை நன்றாக உணர்ந்தவர். அவர் 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கக் கல்வியோடு ஆங்கிலக் கல்வியும் வேண்டும் என்று எழுதினார். 1883-இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்த ஒராபி பாஷாவும் இந்த முயற்சிக்குத் துணை நின்றார். 1892-இல் மருதானையில் தொடங்கிய பாடசாலைதான் பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. பெண் பிள்ளைகளின் படிப்புக்காகவும் சித்திலெப்பை கண்டியில் பாடுபட்டார்.

‘வீ விஷ் வீ ஹேட் ஸ்டார்ட்டட் ஏர்லியர்’, அதாவது முன்னமே தொடங்கியிருக்கலாம் என்பது அன்றைய சமூகத்தின் நிலை. அதைச் சொல்லி வருந்துவதோடு அவர்கள் நின்றிருந்தால் இன்று நாம் இந்தச் சஞ்சிகையை வாசித்துக்கொண்டிருப்போமா தெரியாது. அவர்கள் பாடசாலை கட்டினார்கள். கைசேதம் ஒரு வேலையில் போய் முடிந்தால் அதற்குப் பயன் உண்டு.

முறைப்பாடு

அடுத்தவர் செய்வது நமக்குப் பிடிக்கவில்லை, அவர் மாற வேண்டும் என்றால், ‘விஷ்’ என்பதற்குப் பின் ‘வுட்’ வரும்.

‘ஐ விஷ் தம்பி வுட் டேர்ன் டவுன் த டீவி.’ தம்பி டீவிச் சத்தத்தைக் குறைக்க மாட்டானா!

‘ஐ விஷ் த ரெய்ன் வுட் ஸ்டாப்.’ இந்த மழை விடாதா! (இரத்தினபுரி மாவட்டத்தில் இந்த வாக்கியத்துக்கு வேலை அதிகம்.)

தன்னைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. ‘ஐ விஷ் ஐ வுட்’ என்பது பிழை. நம் செயல் நம் கையில்தானே இருக்கிறது. அதைப் பற்றி யாரிடம் முறையிடுவது? அந்த இடத்தில் ‘ஐ விஷ் ஐ குட்’ என்றே சொல்ல வேண்டும்.

ஒருவர் அடிக்கடி செய்வது எரிச்சலூட்டினால் ‘ஆல்வேஸ்’ என்பதோடு ‘இங்’ சேரும். ‘யூ ஆர் ஆல்வேஸ் டேக்கிங் மை பென்!’ எப்ப பார்த்தாலும் என் பேனையை எடுக்கிறாய்! நடந்து முடிந்ததற்காக ஒருவரைக் குறைசொல்ல ‘யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ.’ சொல்லியிருக்கலாமே!

இவையெல்லாம் சகோதரங்களோடும் தோழிகளோடும் பேசும் பேச்சு. பெரியவர்களிடமோ அலுவலகத்திலோ ‘ஐ விஷ் யூ வுட் லிசன்’ என்றால் ஏசுவது போலிருக்கும். அங்கே ‘வுட்’, ‘குட்’ என்ற அதே சொற்கள் மரியாதைச் சொற்களாக மாறி வரும். ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் ஹெல்ப்.’ தமிழில் ‘நீங்கள் உதவி செய்தால் பெரிய உபகாரம்’ என்போம். ‘செய்தால்’ என்பதில் மீண்டும் அதே இறந்த கால அடி. கேட்பவருக்கும் தமக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கேட்பதுதான் மரியாதை. அதையும் காலமே காட்டுகிறது.

ஒரு கடிதம்

அந்த மாணவி விரும்பிய விஞ்ஞானப் பிரிவு வேறோர் ஊர்ப் பாடசாலையில்தான் இருந்தது. வாப்பா தயங்கியதற்குக் காரணம் படிப்பு அல்ல, பஸ். பெல்மதுளை–எம்பிலிப்பிட்டிய வீதியில் காலையில் ஓடும் பஸ்களில் ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக நின்றால் அந்தத் தரிப்பிடத்தில் நிற்காமலே போய்விடும். “ரோட்டுல நிக்க விட்டுட்டு எப்படி டீச்சர் வேலைக்குப் போறது?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

அப்படியானால் இது ‘விஷ்’ போட்டு வருந்தும் விஷயமில்லை, எழுத வேண்டிய விஷயம் என்றேன். மகள் எழுதினாள், வாப்பா கையொப்பமிட்டார். அவள் எழுதிய ஆங்கிலக் கடிதத்தின் நடுப்பகுதி இதுதான்:

‘ஐ அம் ரைட்டிங் டு கம்ப்ளெய்ன் அபவுட் த மோர்னிங் பஸ். லாஸ்ட் வீக் இட் டிட் நொட் ஸ்டாப் அட் அவர் ஹோல்ட் ஒன் த்ரீ டேஸ். த சில்ட்ரன் வேர் லேட் ஃபோர் ஸ்கூல். ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் ஆஸ்க் த ட்ரைவர்ஸ் டு ஸ்டாப்.’

நான்கு வாக்கியங்கள். எதைப் பற்றி என்பது முதலாவது. என்ன நடந்தது, எத்தனை நாள் என்பது இரண்டாவது. அதனால் வந்த பாதிப்பு மூன்றாவது. என்ன செய்ய வேண்டும் என்பது நான்காவது. கோபச் சொல் ஒன்றும் இல்லை. நாட்களை எண்ணிச் சொன்னதால் கோபம் தேவைப்படவும் இல்லை. பரீட்சையில் முறைப்பாட்டுக் கடிதம் வந்தால் இந்த நான்கு படிகளையும் பின்பற்றுங்கள்.

பெற்றோருக்கு ஒரு செய்தி. அரச அலுவலகம் ஒன்றுக்கு எழுதுவதானால் ஆங்கிலம் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். 1988-இல் வந்த 16-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசங்களிலும் ஒருவர் அரச அலுவலர்களோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளலாம். அந்த மொழி உரிமை கிடைக்காவிட்டால் முறையிடுவதற்கென்றே 1991-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தமிழில் எழுதினாலும் அந்த நான்கு படிகள் மாறாது.

பயிற்சி

கீழுள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தால் நல்லது. (இல்லை)
2. நாளை மழை பெய்யாது என்று நம்புகிறேன்.
3. நேற்று அவளை ஏசியிருக்கக் கூடாது. (ஏசிவிட்டேன்)
4. தம்பி வாயை மூட மாட்டானா!
5. அவள் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கலாம். (தெரியாது)
6. நீங்கள் முன்னமே வந்திருக்கலாமே! (வரவில்லை)

விடைகள்:

1. ஐ விஷ் ஐ ஹேட் எ யங்கர் சிஸ்டர்.
2. ஐ ஹோப் இட் வில் நொட் ரெய்ன் டுமோரோ.
3. ஐ விஷ் ஐ ஹேட் நொட் ஸ்கோல்டட் ஹேர்.
4. ஐ விஷ் தம்பி வுட் பி குவயட்.
5. ஷீ மே ஹேவ் மிஸ்ட் த பஸ்.
6. யூ ஷுட் ஹேவ் கம் ஏர்லியர்.

இரண்டாவதில் ‘விஷ்’ எழுதியவர்களும், ஐந்தாவதில் ‘ஷுட்’ எழுதியவர்களும் மேலே உள்ள பகுதிகளை இன்னொரு முறை வாசியுங்கள்.

கடிதம் போன பிறகு அந்தப் பஸ் பெரும்பாலான நாட்களில் நின்றது. நிற்காத நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் வாப்பா தன் சைக்கிளில் அவளை அடுத்த தரிப்பிடம் வரை கொண்டுபோய் விட்டார். அவள் விஞ்ஞானப் பிரிவில் படித்தாள்.

பெற்றோர்களே, ஒரு வேலை உங்களுக்கும் இருக்கிறது. இன்று இரவு மகளிடம் ‘ஐ ஹோப்’ என்று தொடங்கி ஒரு வாக்கியம், ‘ஐ விஷ்’ என்று தொடங்கி ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் பொருளையும் கேளுங்கள். ‘விஷ்’ என்று அவள் சொன்னதில் எதையாவது ‘ஹோப்’ ஆக்க உங்களால் முடியுமா என்று பாருங்கள். அதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்கத் தேவையில்லை.